வெள்ளிக்கிழமை மட்டும் நின்ற வண்டி

எண்பதுகளில் மாட்டுங்காவில் ஓர் ஆபீசர் வீட்டில் நான் டிரைவர். தாராவியிலிருந்து காலையில் நடந்தே வேலைக்குப் போய்விடுவேன். வண்டிக்கு ஏறக்குறைய என் வயசு. எனக்குக் கோபம் வந்தால் முகத்தில் காட்ட மாட்டேன், கெட்டுப்போகாமல் உள்ளேயே பத்திரமாக வைத்திருப்பேன். இப்போது சொல்லப்போகும் கோபத்தை அப்படித்தான் ஒரு வாரம் வைத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாரைச் செம்பூர் ஆபீசுக்கு அழைத்துப் போகும்போது நடுரோட்டில் எஞ்சின் பட்டென்று அணைந்தது. ஹாரன் அடிக்கிறது, ஹெட்லைட் எரிகிறது, எஞ்சின் மட்டும் மூச்சுவிடவில்லை. சாரை டாக்ஸியில் ஏற்றிவிட்டு, போகிறவர் வருகிறவரைக் கெஞ்சித் தள்ளவைத்து, நானும் தள்ளி, கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் இருந்த ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அதன் முதலாளி எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அவர் டேஷ்போர்டில் இருந்த முருகன் படத்து மாலையைக் கண்ணில் ஒற்றி எடுத்து ஓரமாக வைத்தார். சாமி பூவில் கிரீஸ் படக்கூடாதாம். பிறகு சாவியைத் திருப்பினார். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது.

அடுத்த வெள்ளியும் இதே கூத்து. அதற்கடுத்த வெள்ளியும். காயிலை மாற்றினார், பாயிண்டை மாற்றினார். ஐந்தாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் சார் ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டார்.

“சார், வண்டியில ஒரு கோளாறும் இல்ல,” என்றார் அண்ணாச்சி, என்னை வைத்துக்கொண்டே. “வெள்ளிக்கெளம மட்டும் நிக்கின்னா யோசிச்சுப் பாருங்க. இவனுக்கு மத்தியானம் தொழுகைக்குப் போவணும்லா? சாவிய அணச்சுட்டு நாடகம் போடுதான்.”

அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை, ஆனால் நம்பிவிட்டார். “அடுத்த வெள்ளியும் நின்னுதுன்னா நீ வேற எடம் பாத்துக்கோப்பா,” என்றார். அந்த ஐந்து வெள்ளியும் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டும் காவல் காத்துக்கொண்டும் இருந்ததில் ஜும்மாவுக்கே போகவில்லை. அதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? அண்ணாச்சி முகத்தைப் பார்த்துவைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் யோசித்ததில் ஒன்று ஞாபகம் வந்தது. எஞ்சின் அணையும்போதெல்லாம் முருகன் படத்து மேலே இருந்த சின்னச் சிவப்பு பல்பும் அணைந்தது. அந்த பல்பு, போன ஆயுத பூஜைக்கு அண்ணாச்சி தன் கையாலேயே மாட்டிக் கொடுத்தது.

புதன்கிழமை, வீட்டுக் காம்பவுண்டிலேயே எஞ்சினை ஓடவிட்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். படத்தை நான் தொடவில்லை. பல்புக்குப் போகிற வயரை மட்டும் லேசாக இழுத்தேன். எஞ்சின் அணைந்தது. விட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினேன், ஓடியது. எஞ்சினுக்குப் போகும் வயரை வெட்டி, பல்பு வயரையும் அதோடு சேர்த்து வெறும் கையால் முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றியிருந்தார் மகராசன். நாள்பட அது தளர்ந்துபோயிருந்தது. சார் சம்சாரம், மாமி, வெள்ளிக்கிழமை படத்துக்குப் போடுவது தண்ணீர் தெளித்த கனமான சாமந்தி மாலை. அந்தக் கனத்தில் படம் முன்னால் சாயும், வயர் இழுபடும், ரோட்டில் ஒரு பள்ளம் வந்தால் முறுக்கு விட்டுப்போகும். மாலையை எடுத்தால் எல்லாம் பழையபடி ஒட்டிக்கொள்ளும். மறுநாள் பூ காய்ந்து கனம் குறைந்துவிடும்.

இரண்டு விரலால் இறுக்கி முறுக்கியிருந்தால் அன்றைக்கே என் வேலை தப்பியிருக்கும். நான் முறுக்கவில்லை. அண்ணாச்சியும் தப்பிவிடுவாரே.

வெள்ளிக்கிழமை காலையில், “அண்ணாச்சியும் கூட வரட்டும் சார், நின்னா அவரே பாக்கட்டும்,” என்றேன். சார் சரி என்றார். அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் கை மாலைக்குப் போனது.

“மாமி போட்டது. இருக்கட்டும் அண்ணாச்சி.”

சயான் வரும் முன்பே ஒரு பள்ளத்தில் வண்டி நின்றது. நான் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினேன். “சாவி ஆன்லதான் இருக்கு சார். சாமி வெளக்கும் அணஞ்சிருக்கு, பாருங்க. அண்ணாச்சி, அந்த வயரு எங்க போவுதுன்னு குனிஞ்சு பாத்து சாருக்குச் சொல்லுங்க.”

குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆனது.

“யார் போட்ட வயர் அது?” என்றார் சார்.

“நாந்தான் சார்.”

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அண்ணாச்சி அவசரமாக வயரை முறுக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

“கையால முறுக்குனது போதும். ஒர்க்‌ஷாப்ல வச்சு ஒழுங்காப் போடுங்க. இப்ப எறங்கி தக்கா குடுங்க.”

அவர் சாரைப் பார்த்தார். சார் கதவைக் காட்டினார். அண்ணாச்சி இறங்கித் தள்ள ஆரம்பித்தார். ஒற்றை ஆளால் அசைக்க முடியவில்லை. நான் கண்ணாடியில் சாரைப் பார்த்தேன். பார்வையை எடுக்கவே இல்லை. கடைசியில் அவரும் டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்கினார்.

வண்டியைத் திருப்பி, கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி, அன்றைக்குச் சிரித்தவர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்க்க, ஒர்க்‌ஷாப் வரைக்கும் இரண்டு பேரும் தள்ளினார்கள். வழி முழுக்க என் கால் பிரேக்கின் மேல் லேசாக அழுத்திக்கொண்டே இருந்தது.

என் வேலை போகவில்லை. அன்று மத்தியானம் ஜும்மாவில் முதல் வரிசையில் நின்றேன். தெரிந்தும் தெரியாமலும் செய்த எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டேன். பிரேக்குக்கு மட்டும் கேட்கவில்லை.