மழையில் எவன் மரம் வெட்டுவான்

‘இந்த டைரக்டர் தன்னோட டைம் மெஷின்ல ஏறி, படம் எடுக்கறதுக்கு முந்தின நாளுக்குப் போய், வீட்டுலயே குப்புறப் படுத்துத் தூங்கியிருக்கலாம்.’ என் தம்பியின் படம் வெளியான மறுநாள் முகநூலில் அதிகம் பேர் சிரித்தது இந்தக் கருத்துக்குத்தான். நானும் சிரித்தேன். அக்கா என்றால் சிரிக்கக் கூடாது என்று சட்டமா என்ன? ஒரு படத்துக்காக வேலையை விட்டு, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, என் காரையும் இரவல் வாங்கிப் படப்பிடிப்பில் முன்பக்கம் நசுக்கிக் கொண்டுவந்தவன் அவன். கொஞ்சம் வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று இருந்தது.

படத்தின் கதை இதுதான். ஒரு இன்ஸ்பெக்டர். அவன் குழந்தையாக இருந்தபோது, தோட்டத்தில் பாலுக்காகப் பட்டையைக் கீறி ரப்பர் மரம் வெட்டும் அவன் அம்மாவை யாரோ அடித்துக் கொன்று, ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டையில் தள்ளிவிட்டார்கள். கொலைகாரன் அகப்படவே இல்லை. பல வருடம் கழித்து அந்தப் பாழடைந்த தோட்டத்துக்குப் போகிறான். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காய வைக்கும் கூடம் மட்டும் அங்கே மிச்சம் இருக்கிறது. ஒரு கதவு வழியாக நுழைகிறான், புகை கிளம்புகிறது, மறு கதவு வழியாக வெளியே வந்தால் அம்மா உயிரோடு இருக்கும் காலம். மூன்று தடவை போகிறான். மூன்று தடவையும் பிந்திவிடுகிறான். கடைசிவரை கொலைகாரன் ஒரு மழைக்கோட்டு மட்டும்தான், முகம் இல்லை.

அந்த அம்மா எங்கள் அம்மாதான். பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில் இருந்த தோட்டம் அது, இப்போது ரப்பர் போய்ச் செம்பனை. எங்கள் அம்மாவை யாரும் கொல்லவில்லை, கால் வழுக்கிக் குட்டையில் விழுந்து செத்தாள். அப்படித்தான் எங்களுக்குத் தெரியும். அப்புறம் ஏன் கொலையாக்கினாய் என்று கேட்டதற்குத் தம்பி சொன்னான்: “கால் வழுக்கறதத் தடுக்க ஒருத்தன் காலத்துல பின்னால போனா சிரிப்பாங்கக்கா.”

கொலையாக்கியும் சிரித்தார்கள். அது வேறு விஷயம்.

அம்மா செத்தபோது நாங்கள் இருவரும் பள்ளி விடுமுறைக்கு தைப்பிங்கில் பெரியம்மா வீட்டில் இருந்தோம். தம்பிக்குப் பேச்சே திருந்தாத வயது. எங்களைக் கொண்டுவந்து சேர்த்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள். அதன்பிறகு அப்பா தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து லோரி ஓட்டினார். நாங்கள் அடுக்குமாடியில் வளர்ந்தோம். தம்பிக்கு ரப்பர் மரமும் தெரியாது, மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டுவதும் தெரியாது. அவனுக்குத் தெரிந்த தோட்டம் எல்லாம் அப்பா வருடத்துக்கு ஒரு தடவை, அம்மாவின் திதியன்று, படையல் முடிந்து சாப்பிட உட்காரும்போது சொல்லும் தோட்டம்தான்.

“விடிய விடிய மழை. போகாதேன்னு சொன்னேன். கேக்கல. வாளியத் தூக்கிக்கிட்டு வெட்டுக்குப் போயிட்டா. குட்டைக் கரை சேறு. அவ்வளவுதான்.”

ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்குவார். தம்பி ஒவ்வொரு வருடமும் கண் கலங்குவான். அந்த மழையைத்தான் அவன் படத்தில் வைத்தான். சுங்கை சிப்புட் பக்கம் மிச்சமிருந்த ஒரு ரப்பர் காட்டில், தண்ணீர் லோரி வரவழைத்து, குழாயை மேலே பிடித்து மழை பெய்யவைத்தான். கறுப்பு மரங்கள், கொட்டும் மழை, தலையில் விளக்கு கட்டிய ஒருத்தி குனிந்து மரம் வெட்டுகிறாள். உண்மையைச் சொன்னால் படத்தில் பார்க்கும்படியாக இருந்த காட்சி அது ஒன்றுதான்.

கோலாலம்பூர் ரசிகர்கள் அறிவாளிகள். அவர்களுக்குக் காலக் கணக்குதான் இடித்தது. ‘அம்மாவைக் காப்பாற்றிவிட்டால் இவன் ஏன் போலீஸ் ஆகப் போகிறான்? போலீஸ் ஆகாதவன் எப்படித் திரும்பிப் போய்க் காப்பாற்றுவான்?’ என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். இன்னொருவர் புகைக்கூடத்தைப் பிடித்துக்கொண்டார். ‘அதுக்குள்ள போனா காலம் பின்னால போகாது, இருமல்தான் வரும்.’ கொலைகாரன் முகத்தைக் காட்டாததற்கு மட்டும் எல்லோரும் ஒன்றுசேர்ந்து திட்டினார்கள். தம்பி அதைக் கலை என்று நினைத்திருந்தான். பாவம்.

ஈப்போவில் ஒரு சிறப்புக் காட்சி போட்டான். பழைய தோட்டத்து ஆட்கள் எங்கெங்கோ சிதறிக் கிடந்தவர்களை எல்லாம் பஸ் வைத்துக் கூட்டிவந்தான். பேரங்காடியின் மேல்மாடி அரங்கம். குளிர்சாதனத்துக்குப் பயந்து துண்டு போர்த்திக்கொண்ட கிழவர்கள், தப்பாவ் பண்ணிப் பொட்டலம் கட்டிய நாசி லெமாக் சோற்றை மடியில் மறைத்துவைத்த கிழவிகள், அவர்களோடு ஒட்டிக்கொண்டு வந்த பேரப்பிள்ளைகள். நடுவரிசையில் அப்பா, நான் தேய்த்துக் கொடுத்த பாத்தேக் சட்டையில், கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு. சர்க்கரை அவர் காலைத் தின்றுகொண்டிருந்தது. நான் டயாலிசிஸ் மையத்தில் தாதி. பகலெல்லாம் ஊரார் உடம்பு, வீட்டுக்கு வந்தால் அப்பா உடம்பு என்று எனக்கு வாழ்க்கை.

தோட்டத்து ஆட்களுக்குக் காலக் கணக்கைப் பற்றிக் கவலையே இல்லை. ஒருவன் புகைக்குள் போய்ப் பழைய காலத்தில் வெளியே வருவது அவர்களுக்குச் சாதாரணமாகப் பட்டது. “அட, நம்ம கிராணி பங்களா மாதிரியேடா” என்று தோட்டக் கணக்கர் வீட்டை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். கதாநாயகி மங்குக் கிண்ணத்தைத் தலைகீழாகப் பிடித்ததற்குச் சிரித்தார்கள். அப்புறம் அந்த மழைக் காட்சி வந்தது.

“அடேய், மழையில எவன்டா மரம் வெட்டுவான்?”

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர். அரங்கம் அதிர்ந்தது.

“பாலு பூரா பட்டையில ஓடிரும்லா!”

“மழை பேஞ்சா பெரட்டே கெடையாதே! இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குவோம்!”

“கதாநாயகி ரொம்ப ராஜின் போல!”

உழைப்பாளி என்று கிண்டல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தம்பி திரைக்குப் பக்கத்தில், இருட்டில், சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தான்.

அவர்கள் சொன்னது சரிதான். எந்தத் தோட்டத்திலும் மழைக் காலையில் மரம் வெட்ட மாட்டார்கள். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டில் ஓடாது, மரமெல்லாம் பரவி மண்ணுக்குப் போய்விடும். அதனால் விடியற்காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டும் நடக்காது. இது எனக்குத் தெரியாதா? மழைச் சத்தத்தில் கண்விழித்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்! அன்றைக்கு அம்மா வீட்டில் இருப்பாள். மரவள்ளிக்கிழங்கு அவித்து, இடித்த சம்பலோடு தருவாள். தம்பியைக் காலில் போட்டு ஆட்டுவாள். மழை என்றால் அம்மா, அவ்வளவுதான் எனக்கு. அப்படிப்பட்ட நான், அப்பா சொல்லும் கதையை வருடா வருடம் கேட்டுக்கொண்டு பாயசம் பரிமாறியிருக்கிறேன்.

மழை பெய்திருந்தால் அம்மா வேலைக்குப் போகவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் இருந்தாள். வீட்டில் வேறு யார் இருந்தது? அப்பா இருந்தார். அவர் கை நீட்டுவார். லயத்து வரிசை வீடுகளில் எந்த அப்பாதான் நீட்டவில்லை என்று அதை நான் எப்போதோ மன்னித்துவிட்டிருந்தேன்.

சிரிப்பு முன்வரிசைகளிலிருந்து அடங்க ஆரம்பித்தது. யார் வீட்டுக் கதை இது, நடுவரிசையில் உட்கார்ந்திருப்பது யார் என்று கிழங்கட்டைகளுக்கு ஒவ்வொருவராக ஞாபகம் வந்தது. ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவரின் தொடையில் தட்டி அடக்கினாள். கொஞ்ச நேரத்தில் பேரப்பிள்ளைகள் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் கழிப்பறையில் அத்தையைப் பிடித்தேன். சொந்த அத்தை இல்லை. லயத்தில் எங்கள் பக்கத்து வீடு, நடுவில் ஒரு பலகைச் சுவர். கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“அத்த, அன்னைக்கு மழையா?”

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். “மழதான் புள்ள. பெரட்டு இல்ல. எல்லாரும் வீட்டுலதான் இருந்தோம்.”

“அம்மாவும்?”

“உங்கம்மாவும்தான். சத்தம் கேட்டுச்சு. எப்பவும் கேக்கறதுதானேன்னு இருந்துட்டோம். அப்புறம் சத்தம் நின்னுபோச்சு.” கையை உதறினாள். “உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

“கேக்க வந்த போலீஸ்காரங்ககிட்ட ஏன் சொல்லல?”

“வேலைக்குப் போனா, வழுக்கி விழுந்துட்டான்னு எல்லாரும் ஒரே வாயாச் சொல்லிட்டோம். வந்தவங்க டவுன் ஆளுங்க. அவங்களுக்கு மழையும் தெரியல, மரமும் தெரியல. உங்கப்பன உள்ள வச்சிட்டா ஒங்க ரெண்டு பேத்த யாரு வளக்கறது? நானா? எனக்கே அஞ்சு.” காகிதத் துண்டை இழுத்துக் கையைத் துடைத்தாள். எங்களுக்கு ஒரு பெரிய உபகாரம் செய்த மாதிரிதான் அவள் முகம் இருந்தது. போகும்போது என் தோளைத் தட்டி, “படம் நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் நீளம்லா,” என்றாள்.

எனக்கு அவளை அந்தக் கழிப்பறைத் தரையிலேயே தள்ளிவிட வேண்டும் போல் இருந்தது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன், அவளுக்கு மூட்டுவலி.

வெளியே ஒரு பையன் கைப்பேசியை நீட்டி எல்லோரிடமும் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் படம் விட்டதும் அதுதானே சடங்கு. “சூப்பர்”, “குடும்பத்தோட பாக்கலாம்”, “செக்கண்ட் ஹாஃப் லேக்” என்று வரிசையாகச் சொல்லிப் போனார்கள். தம்பி அப்பாவின் முழங்கையைப் பிடித்து அழைத்துவந்து கைப்பேசிக்கு முன்னால் நிறுத்தினான்.

“அப்பா, நீங்க சொல்லுங்க. எப்படி இருக்கு?”

அப்பா தொண்டையைச் செருமினார். “நல்லா இருக்கு. நடிப்பெல்லாம் நல்லா இருக்கு. மழை மட்டும் வேணாம். அத எடுத்துடு.”

“நீங்கதானப்பா மழைன்னு சொன்னீங்க?”

“நான் எங்கடா சொன்னேன்? அன்னைக்கு நல்ல வெயிலு.”

முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்த கிழவர்கள் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஆமாம், வெயில்தான் என்று ஒருவர் எடுத்தும் கொடுத்தார். சற்று முன்னால் மழைக்குச் சிரித்த அதே வாய்.

கார் நிறுத்துமிடத்தில் தம்பியைத் தனியாகப் பிடித்தேன். “தம்பி, அந்த மழை இருக்கே...” என்றுதான் ஆரம்பித்தேன்.

“நீயுமாக்கா?” என்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “எல்லாரும் அந்த மழையவே புடிச்சித் தொங்கறீங்க. தெரியாமப் பண்ணிட்டேன். ஒரு அம்மா இருந்திருந்தா கேட்டிருப்பேன்லா. யாருகிட்டக் கேக்கறது?”

அவனுக்கு இருந்தது இந்தப் படமும் அப்பாவும்தான். அன்றைக்குப் படம் போய்விட்டது. அப்பாவையும் நானே பிடுங்க வேண்டுமா என்று வீட்டுக்கு வண்டி ஓட்டினேன். அப்பா பக்கத்து இருக்கையில் குறட்டை விட்டார்.

படத்தை இணையத்தில் விடும்போது தம்பி மழையை எடுத்துவிட்டான். கணினியில் என்ன செய்தானோ, மரங்களுக்கு நடுவே இப்போது மஞ்சள் வெயில். அந்தப் பெண் உலர்ந்த மரத்தை வெட்டுகிறாள், பால் கோட்டில் ஓடுகிறது. ‘தோட்டத்து வாழ்க்கையைத் தத்ரூபமாகக் காட்டியிருக்கிறார்கள்’ என்று கருத்துகள் வருகின்றன. தம்பி எனக்கு ஒவ்வொன்றாக அனுப்புகிறான். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்புகிறேன்.

இந்த வருடத் திதியில் அப்பா கதையைச் சொல்லவில்லை. தம்பியும் கேட்கவில்லை. அவன் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டான்.

அப்பாவுக்கு ஒரு கால் எடுத்தாகிவிட்டது. சக்கர நாற்காலியில் இருக்கிறார். மருந்து, ஊசி, கஞ்சி எல்லாம் நேரத்துக்குக் கொடுக்கிறேன், ஒரு குறையும் இல்லை. என்னைப் போல ஒரு மகள் கிடைக்காது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். ஈப்போவில் மழைக்கா பஞ்சம்? இடி முழங்கினால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு, அப்பாவின் நாற்காலியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய், கூரைத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில், மழையைப் பார்க்கத் திருப்பி நிறுத்துகிறேன். சக்கரத்தைப் பூட்டுகிறேன்.

“குளுருது,” என்கிறார். “உள்ள தள்ளு.”

“மழை பெய்யுதுப்பா,” என்கிறேன். “பெரட்டு இல்ல. அம்மா வீட்டுலதான் இருப்பா. பேசிக்கிட்டு இருங்க.”

மழை விடும்வரை நான் உள்ளே இருக்கிறேன்.