அம்மா அனுப்பிய இருபத்து மூன்று நிமிடம்

கொழும்பில் கைபேசிச் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் வேலை. ஒரு பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று மூன்று நாள் சண்டை போடுவோம். "இதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?" என்று வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அம்மா சிரிப்பாள்.

அந்த அம்மாவுக்கே ஒரு சின்ன வசதிதான் கைகொடுத்தது. எழுதத் தெரியாது, குரல் பதிவுதான் அனுப்புவாள். பேசி முடிக்கும்வரை பொத்தானை அமுக்கிப் பிடிக்க வேண்டும்; கொழுந்து பறித்து வெடித்த கட்டைவிரல் அதிலிருந்து வழுக்கிவிடும். பாதிப் பேச்சு அறுந்து வந்து சேரும். விரலை மேலே இழுத்தால் பூட்டு விழும், பிறகு கையை எடுத்துவிட்டே பேசலாம் என்று காட்டிக்கொடுத்தேன். அதைக் கண்டுபிடித்த புண்ணியவான் நல்லா இருக்கணும்! அன்றிலிருந்து அம்மா ஓயவே இல்லை.

நான்தான் அவசரத்துக்குப் பிறந்தவள். அவள் பேச்சை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பேன். அதற்கும் ஒரு பொத்தான் இருக்கிறதே.

ஒரு மத்தியானம் இருபத்து மூன்று நிமிடப் பதிவு வந்தது. சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். "சரி புள்ள, வைக்கிறேன்" என்று முதல் நிமிடத்திலேயே முடித்துவிட்டாள். ஆனால் அனுப்பும் பொத்தானை அமுக்க மறந்திருக்கிறாள். எப்போதோ கண்டு அமுக்கும்வரை பதிவு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. தகரத்தில் மழை. பாத்திரச் சத்தம். பிறகு அம்மா யாரோடோ பேசத் தொடங்கினாள்.

"ஆமாங்க, டிஸ்பென்சரிக்குப் போனேன்."

அம்மா 'ங்க' போட்டு அந்தக் குரலில் பேசுவது அப்பாவிடம் மட்டும்தான். அப்பா இறந்து நான்கு வருடம். லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அம்மா தனியாகத்தான் இருக்கிறாள்.

சாப்பாட்டைத் தள்ளிவைத்தேன். வேகத்தைக் குறைத்து முதலிலிருந்து கேட்டேன். அவள் பேச்சுக்கு நடுவே சின்னதாக இருந்த இடைவெளிகள் இப்போது நீண்டன. ஒரு மனுஷன் நிதானமாகப் பேசி முடிக்கிற நீளம். நடுநடுவே அம்மா 'ம்' கொட்டினாள். ஓரிடத்தில் சிரித்தாள்.

"மாருல கட்டியாம்ங்க. பெரியாஸ்பத்திரியில காட்டணுமாம். எனக்குப் பயமா இருக்கு." இடைவெளி. "ஐயோ, புள்ளைகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

எத்தனை மாதப் பேச்சை இப்படி அள்ளி விழுங்கியிருக்கிறேன்! என்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

மறுநாள் காலை ரயிலேறிப் போனேன். என்னைக் கண்டதும் அம்மாவின் முகம் வெளுத்தது.

"யாருடி சொன்னா உனக்கு?"

பதிவைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அப்பாதான்" என்று வந்துவிட்டது.

அம்மா அழவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. உள்ளே திரும்பி, யாருமில்லாத கட்டிலைப் பார்த்து முறைத்தாள்.

"சொல்ல வேணாம்னு எத்தன தடவ சொன்னேன் உங்ககிட்ட?" என்றாள்.