சொல்லாமல் கொடுத்த மன்னிப்பு

எனக்குச் சரியாக எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்கப்புறம் கையெழுத்துப் போடுவதோடு சரி. தப்பும் தவறுமாக இருக்கும், பாதி மறந்தும் போகுது, பொறுத்துக்கொள்ளுங்கள். நம்ம சபைப் புத்தகத்துக்கு, புருஷனை எப்படி மன்னித்தேன் என்று சாட்சி எழுதித் தரச் சொல்லி பாஸ்டரம்மா மூணு ஞாயிறாகக் கேட்கிறார்கள். எழுந்து நின்று பேசச் சொன்னால் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

போன வருஷம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சர்க்கரைப் புண்ணுக்காக என் வீட்டுக்காரருடைய கால் விரல் மூன்றை எடுத்தார்கள். அங்கே படுத்திருக்கும்போதே மனந்திரும்பி, ஞானஸ்நானம் வேண்டும் என்றார். அதுவரைக்கும் நான் மட்டும்தான் சபைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

ஞானஸ்நானம் கடலில். படாளத்திலிருந்து வேனில் போனோம். மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம், சுற்றிப் பார்க்கிற ஜனம் வருவதற்கு முன்னால், காலையிலேயே. மணலில் அவரால் நடக்க முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கினார்கள். "மாப்ள ஊர்கோலம் போறாரு பாரு" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். புண்ணில் உப்புத் தண்ணி படக்கூடாதென்று ஜவுளிக்கடைப் பையைக் காலில் மாட்டிக் கயிறு கட்டினது நான்.

நம்ம சபையில் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் ஒப்புரவாக வேண்டும். யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லி, அவர்கள் மன்னித்த பிறகுதான் முழுக்குவார்கள்.

என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். குடித்ததைச் சொன்னார். அடித்ததைச் சொன்னார். கேளம்பாக்கத்தில் வேறொருத்தியோடு ரெண்டு வருஷம் இருந்ததைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அல்லேலூயா என்றார்கள். நான் இன்னும் ஒன்றுக்காகக் காத்திருந்தேன்.

அதை இதுவரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை. என் அம்மா செத்தது பக்கத்துத் தெருவில். அதற்கு முந்தின நாள் அவர் அடித்ததில் என் ஒரு பக்கத்து முகமே வீங்கிக் கிடந்தது. அந்த முகத்தோடு சாவு வீட்டுக்குப் போனால் என் தம்பி அவரைச் சும்மா விடமாட்டான். அதனால் என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு அவர் மட்டும் போனார். போய், "எவ்ளோ கூப்ட்டும் வரமாட்டேன்னுட்டா" என்று எல்லோரிடமும் சொன்னார். பெட்டி எங்கள் வாசல் வழியாகத்தான் போனது. பாட்டுச் சத்தம் வந்தது, தம்பி அழுகிற சத்தமும் வந்தது. நான் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கத்தியிருக்கலாம். கத்தினால் கதவை உடைத்திருப்பார்கள், அப்புறம் அதே நாளில் ரெண்டு சாவு ஆகியிருக்கும். எனக்கு ரெண்டு பெண் குழந்தைகள். அன்றைக்கு வாயை மூடினதுதான். பெற்ற தாயின் முகத்தைப் பார்க்க வராதவள் என்று தம்பி இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை.

அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

"சொல்லுங்கம்மா, ஒரு வார்த்த போதும்" என்றார் பாஸ்டர்.

"அலை ஏறிகினே வருதுக்கா, சீக்கிரம் சொல்லு" என்றாள் பின்னால் நின்றவள்.

நான் குனிந்து அவர் காதில் மட்டும் சொன்னேன். "பூட்டிகினு போனியே, அத சொல்லுய்யா."

"எந்தப் பூட்டு?" என்றார்.

அவர் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். அது பொய் இல்லை. நிஜமாகவே மறந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, தலை குனிந்துபோனது. அதைப் பார்த்து, "மன்னிச்சிட்டாங்க! ஸ்தோத்திரம்!" என்று பாஸ்டர் சத்தமாகச் சொன்னார். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் முழுக்கிவிட்டார்கள்.

மறுநாள் காப்பி கொடுக்கும்போது எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். "என் பாவத்தயெல்லாம் சமுத்திரத்துல போட்டாச்சு. ஆண்டவரே மறந்துட்டாரு, நீ இன்னாத்துக்கு இன்னும் நோண்டிகினு கீற?" என்றார். ஆண்டவர் மறக்கட்டும், என் தம்பி மறக்கவில்லையே என்றேன். காப்பியைக் குடித்துவிட்டுத் தம்ளரை என்னிடம் நீட்டினார்.

பார்க்க வருகிறவர்களிடம், "பரலோகத்துலயும் நானும் இவளும் ஒண்ணாதான் இருப்போம்" என்கிறார். நீ கொடுத்து வைத்தவள் என்று பெண்கள் சொல்கிறார்கள். அவர் அங்கே போகக்கூடாதென்று நான் நினைக்கவில்லை. ஆனால் என் அம்மாவும் அங்கேதான் இருப்பாள். என்னைப் பார்த்ததும் ஏன்டி வரல என்றுதான் கேட்பாள். அப்போதும் இவர் பக்கத்தில் நின்றுகொண்டு எந்தப் பூட்டு என்பார்.

மாசத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் ரசமும் கொடுக்கிற ராப்போஜனம். மனசில் கசப்பை வைத்துக்கொண்டு எடுக்கக்கூடாது என்று தெரியும். எடுக்காமல் தட்டைத் தள்ளிவிட்டால் வரிசையே என்னைத் திரும்பிப் பார்க்கும். அதனால் எடுக்கிறேன். அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. மன்னிக்காதவளை ஆண்டவர் மன்னிக்க மாட்டார் என்கிறார்கள். மன்னித்ததாக நடிக்கிறவளை என்ன செய்வார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பாஸ்டரம்மா, உங்கள் பெண் அன்றைக்கு எல்லாவற்றையும் செல்போனில் எடுத்தாள். பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். நாற்காலிக்கு இடது பக்கம் முக்காடு போட்டு நிற்கிறது நான். நான் தலையாட்டினேனா, அழுகையில் தலை தொங்கினதா, எனக்கே தெரியவில்லை. அம்மா செத்த கிழமையும் மறந்துவிட்டது. சாட்சியில் போட அதை என் தம்பியிடம் கேளுங்கள், நான் கேட்டால் சொல்லமாட்டான். கேட்கப் போகும்போது இந்தத் தாளை அவனிடம் கொடுத்து, முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள்.