முதலாளி லிஃப்டுக்குள் இருந்த நாற்பது நிமிஷம்

அந்த எட்டு மாடிக் கட்டடம் இருக்கும் தெரு வழியாக லிஃப்ட் மெக்கானிக் போகவே மாட்டான். சுற்று வழியானாலும் பரவாயில்லை என்று வண்டியைத் திருப்பிவிடுவான். ஆறு வருஷ வன்மம் அது.

முன்பு அங்கே லிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தவன் அவனுடைய அண்ணன். கதவுப் பூட்டு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று பதிவேட்டில் எழுதி, கட்டட முதலாளியிடம் வாய்விட்டும் சொன்னான். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார் அவர். அடுத்த மாசம் லிஃப்ட் வராமலே கதவு திறந்து, மூன்றாம் மாடித் தையல்காரம்மா ஒரு மாடி கீழே நின்ற லிஃப்டின் கூரைமேல் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். விசாரணையன்று பதிவேட்டில் அந்தப் பக்கத்தைக் காணோம். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார் முதலாளி. தேவாலயத்தில் முதல் பெஞ்சுக்காரர், யார் சந்தேகப்படுவார்கள்? அண்ணனின் லைசென்ஸ் போனது. கிடங்கு ஒன்றில் வாட்ச்மேன் ஆனான்.

"கடவுள் பார்த்துக்குவார்டா" என்பான்.

"அவர் எந்த மாடியில இருக்காராம்?" என்பான் தம்பி.

போன வருஷம் ஒரு மத்தியானம் அந்தக் கட்டடத்துக் காவலாளி போன் செய்தார். லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே முதலாளி தனியாக. புது கம்பெனி ஆள் வர இரண்டு மணி நேரமாகும். மெக்கானிக் கிளம்பினான். அவசரப்படவில்லை.

நாலாம் மாடிக் கதவைத் தட்டினான்.

"யாரு?"

"மெக்கானிக். பழைய மெக்கானிக்கோட தம்பி."

கதவிடுக்கில் நோட்டுகள் எட்டிப் பார்த்தன. "வச்சுக்கோ தம்பி. இன்னும் தரேன்."

ஸ்க்ரூடிரைவரால் அவற்றை உள்ளே தள்ளினான். "அதுகிட்டயே சொல்லுங்க, கதவைத் திறக்கும்."

"தம்பி, இது விழுந்துடுமா?"

அந்தக் குரல் நடுங்குவதைக் கேட்கத்தான் ஆறு வருஷம் காத்திருந்தான். 'விழும்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் பொய் சொன்னால் முதல் பெஞ்சில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுமே.

"விழாது. அடியில ஒரு பிரேக் கவ்விப் பிடிச்சிருக்கு. வீண் செலவு, வேணாம்னு நீங்க சொன்ன பிரேக். அண்ணன் சண்டை போட்டு மாட்ட வச்சான். இப்ப உங்களைத் தாங்கிட்டிருக்கிறது அதுதான். உங்க பணம் இல்ல."

படியில் உட்கார்ந்தான். "அந்தப் பக்கத்தைக் கிழிச்சது யாரு?"

கீழ்ப்படிகளில் ஆட்கள் கூடிவிட்டார்கள். தையல்காரம்மா கைத்தடியை ஊன்றி ஏறி வந்தார். "நானும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன் சார்" என்றார்.

நிமிஷங்கள் போயின. உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது.

"நான்தான்."

"என்ன நீங்கதான்? முழுசா சொல்லுங்க."

ஒன்றுவிடாமல் சொன்னார். அப்புறம்தான் மெக்கானிக் சாவியைப் போட்டான். முதலாளி முழங்காலில் தவழ்ந்து வெளியே வந்தார். காவலாளிதான் கை கொடுத்தார். மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

தையல்காரம்மாவும் இரண்டு குடித்தனக்காரர்களும் லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் தாங்கள் கேட்டதை எழுதிக் கொடுத்தார்கள். நாலு மாசத்தில் அண்ணனுக்கு லைசென்ஸ் திரும்பியது. தேவாலயத்தில் முதல் பெஞ்ச் காலியாகவே கிடக்கிறது.

சந்தோஷப்படுவான் என்று பார்த்தால் அண்ணன் திட்டினான். "வயசான மனுஷனை நாப்பது நிமிஷம் வேக வச்சிருக்கே. போய் மன்னிப்புக் கேளு."

"நீ வேணா கேளு" என்றான் தம்பி. "அவர் அழுத சத்தம் எனக்கு இன்னும் காதுல இனிக்குது."