செம்பு ரயிலுக்கு வைத்த தேசிக்காய்

பிள்ளைகளே, சுவிட்சைப் போட்டதும் லைட் எரிகிறதல்லவா, அந்த வயருக்குள் இருப்பது செம்பு. ஒரு காலத்தில் செம்புக் கல்லை மலையிலிருந்து இறக்கியவை நீராவி எஞ்சின்கள். அப்படி ஒன்றைச் சின்ன வயதில் நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் ஊரைவிட்டு வந்து, பிரெஞ்சு பேசும் புரோசார்ட் நகரில் இருந்தோம். பழைய ரயில்களைத் திருத்தும் ஒரு கொட்டகையில் அப்பாவுக்கு வெல்டிங் வேலை. அங்கே நின்ற எஞ்சின் வடக்கே ஒரு செம்புச் சுரங்கத்தில் உழைத்தது. மலையில் வெட்டிய கல்லை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை ஆலைக்கு இறங்கும். ஏறும்போது வெறும் பெட்டிகள், இறங்கும்போதுதான் பாரம். அதனால் இழுப்பதைவிடப் பிடித்து நிறுத்துவதுதான் அதற்குப் பெரிய வேலையாம். சுரங்கம் மூடியதும் ஆட்கள் போய்விட்டார்கள். அவ்வளவு கனமான இரும்பைக் காட்டுக்குள்ளிருந்து யார் கொண்டுவருவது? அப்படியே விட்டுவிட்டார்கள். பல வருடம் கழித்துக் கொட்டகைக்கு எடுத்து வந்தபோது, டிரைவர் நிற்கும் இடத்தில் ஒரு மரம் முளைத்துக் கூரைக்கு மேலே போயிருந்ததாம்.

அதன் கொதிகலனில் வெடிப்பு விழுந்த இடங்களை அப்பா மாதக்கணக்காக ஒட்டினார். முதன்முதலாக நெருப்பு மூட்டும் நாளன்று எங்களையும் கூட்டிப்போனார். கார் ஏறுமுன் அம்மா கேட்டார்:

"இஞ்சேருங்கோ, உதுக்குப் பக்கத்திலை நீங்கள்தான் நிக்கோணுமோ?"

"நான் ஒட்டினது. ஒட்டு விட்டால் ஆவி சீறுறதை முதல் நான்தானே காணோணும்."

"விட்டால்?"

அப்பா குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார்.

வழியில் டெப்பனர் என்று சொல்லும் ஒரு சின்ன மூலைக்கடையில் அம்மா ஒரு தேசிக்காய் வாங்கினார். புதுக் கார் வாங்கினால் சில்லுக்குக் கீழே வைத்து நசிப்போமே, அந்த எலுமிச்சம்பழம்தான். கடையில் கிடந்ததோ பெரிய மஞ்சள் பழம்.

"உந்தப் பழத்தை நசிக்க ரயில்தான் வேணும் அண்ணி," என்றார் காரோட்டி வந்த சித்தப்பா.

எஞ்சினைக் கண்டதும் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். சில்லு என்னைவிட உயரம். அதன் வயிற்றுக்குள் தண்ணீர் முனகியது. ஏதோ பெரிய மிருகம் நித்திரையால் எழும்புவது போலத் தரை அதிர்ந்தது.

அம்மா தண்டவாளத்தில் பழத்தை வைத்தார். வெள்ளைத் தாடி டிரைவர் எட்டிப் பார்த்து, தேத்தண்ணிக்கா என்று பிரெஞ்சில் கேட்டார்.

"மெர்சி," என்றார் அம்மா. அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு, நன்றி என்னும் அந்த ஒரு சொல்தான்.

பிறகு எங்களை ஒரு கயிற்றுக்கு இப்பால் நிற்க வைத்தார்கள். அப்பா மட்டும் அப்பால், கொதிகலனோடு ஒட்டி நின்று, டார்ச் அடித்து ஒவ்வொரு ஒட்டாகப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் கையை உயர்த்திக் காட்டிவிட்டு எஞ்சினில் ஏறினார்.

விசில் நெஞ்சுக்குள் ஊதியது. சில்லு சற்று நகர்ந்து பழத்தை நசித்தது. ஆனால் சில்லுகள் நின்ற இடத்திலேயே சுற்றின.

"உன்ரை அம்மான்ரை தேசிக்காய் வழுக்குதடா," என்றார் சித்தப்பா.

டிரைவர் ஏதோ ஒரு பிடியை இழுத்தார். தண்டவாளத்தில் மணல் கொட்டியது. சில்லு பிடித்தது. அந்த இரும்பு மலை முழுக்க அசைந்து புறப்பட்டது. நான் கைதட்டவும் மறந்து நின்றேன்.

திரும்பும்போது காரின் பின்சீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான்.

"அம்மா, உங்கடை தேசிக்காயாலைதான் எஞ்சின் ஓடினது, என்ன?"

"ஓடினால் என்ன, நிண்டால் என்ன."

எனக்கு மேலாகக் கையை நீட்டி, கரிபிடித்த அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்திருந்தார் அம்மா. வீடு வரும்வரை விடவில்லை.

இவ்வளவு பெரிய எஞ்சினைப் பார்த்தும் அம்மாவுக்கு ரயில் பிடிக்கவில்லையே என்று எனக்குக் கவலையாக இருந்தது.