சூடு தெரியாத பாதம்

அம்மாவுக்கு முதலில் வந்தது தாகம்தான். பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே, கடலை ஒட்டி இருந்தது எங்கள் குடியிருப்பு. அங்கே நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் மணலைத் தோண்டி, ஊறும் வரை காத்திருந்து, சிரட்டையால் அள்ளிக் குடத்தை நிரப்ப வேண்டும். பள்ளிக்கூடம் போகும் முன் நான் கொண்டுவந்து வைக்கிற குடத்தை அம்மா வெயில் ஏறுவதற்குள் காலி செய்துவிடுவாள். "இன்னுங் கொஞ்சம் மோந்துட்டு வா தாயி, நாக்கு ஒட்டுது" என்பாள்.

அவள் கருவாட்டுக் கூடையோடு ரயிலேறி ராமநாதபுரம் சந்தைக்குப் போய் வருகிறவள். நல்ல உடம்பு. சில மாதங்களிலேயே ரவிக்கை தோளை விட்டு நழுவும் அளவுக்கு இளைத்துப்போனாள். கூடையைத் தலைக்கு ஏற்றிவிடும்போது அவள் கழுத்து நடுங்குவது எனக்குத் தெரிந்தது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குப் பின்னால் அவள் ஒதுங்குகிற இடத்தில் எறும்பு மொய்ப்பதைக் கவனித்தது அய்யாதான். அன்றைக்கு அவர் வள்ளத்துக்குப் போகவில்லை. சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் சட்டை போடுவது ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான்.

"கெளம்பு புள்ள, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"எனக்கென்ன? நல்லாத்தான இருக்கேன்."

"நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பட்டும். கெளம்பு."

வாசிக்கத் தெரிந்தவள் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நீரிழிவு என்றார் ராமநாதபுரத்து டாக்டர். இது போகிற நோய் இல்லை, ஆனால் வீட்டில் எல்லோருமாகப் பார்த்துக்கொண்டால் இதோடு காலம் தள்ளலாம் என்றார். அய்யா ஒன்றே ஒன்று கேட்டார். "எல்லாருமான்னா, நாங்க என்ன செய்யணும் சாமி?" டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, நிதானமாக விளக்க ஆரம்பித்தார்.

எங்கள் வீட்டின் காலைப்பொழுது மாறிப்போனது. அம்மாவின் சிறுநீரில் சில சொட்டுகளை ஒரு நீல மருந்தில் விட்டு, கண்ணாடிக் குழாயை ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று போய்ச் செங்கல் நிறத்துக்கு வந்தால் ஆபத்து. அய்யா, அண்ணன், நான், தங்கை நான்கு பேரும் அந்தக் குழாயைச் சுற்றிக் குத்தவைத்து உட்கார்ந்திருப்போம். அம்மா மட்டும் அந்தப் பக்கம் திரும்பமாட்டாள். "என்ன கலரு?" என்று அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வரும்.

ஊசி போட அய்யாதான் கற்றுக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கத்தரிக்காயில் குத்திப் பழகச் சொல்லியிருந்தார். சுறாவின் வாயிலிருந்து தூண்டில் முள்ளைப் பிடுங்கி எடுக்கிற கை அது. முதல் நாள் அம்மாவின் புஜத்தைப் பிடித்துவிட்டு, குத்தாமல் இரண்டு முறை ஊசியைக் கீழே வைத்தது. "எனக்கு வலிக்காது, குத்துங்க" என்று அம்மா அவருக்குத் தைரியம் சொன்னாள். மருந்துக் குப்பி கெட்டுப்போகாமலிருக்க ஈர மணல் நிரப்பிய பானைக்குள் அதைப் புதைத்து வைத்தோம். மணல் காயாமல் பார்த்துக்கொள்வது என் தங்கையின் வேலை.

சாப்பாட்டில்தான் சண்டை வந்தது. சோற்றைக் குறைத்து, கேப்பைக் களியும் முருங்கைக் கீரையும் மீன் சாறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கருப்பட்டி கூடவே கூடாது. அம்மா தனக்கு மட்டும் ஒரு சின்னச் சட்டியில் களி கிண்டிக்கொண்டு, எங்களுக்கு வழக்கம்போல் சோறு வடித்தாள். அய்யா இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் தன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நாளைலருந்து ஒரே அடுப்பு, ஒரே சட்டி. அவளுக்கு என்னவோ அதுதான் நமக்கும்."

"அய்யா, நான் கடலுக்குப் போறவன். களியத் தின்னுட்டுத் துடுப்பு வலிக்க முடியுமா?" என்றான் அண்ணன்.

"ஒங்க தாத்தன் எதத் தின்னுட்டுலே வலிச்சாரு? அவ ஒருத்தி மட்டும் மூலையில உக்காந்து தனியாத் திங்கணுமா?"

மறுநாளிலிருந்து அண்ணனும் களி தின்றான். தங்கை ஒரு வாரம் அழுதாள். பிறகு பழகிவிட்டது. அய்யா கருப்பட்டி இல்லாத காப்பியைக் கஷாயம் குடிப்பதுபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார். அதைப் பார்த்து அம்மா சிரிப்பாள். அந்த வருஷம் அவள் உடம்பு தேறியது. கூடை தூக்கும்போது கழுத்து நடுங்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் சந்தையிலிருந்து அவள் வந்து நின்றபோது, வாசல் மணலில் ஒன்று விட்டு ஒரு தடம் சிவப்பாக இருந்தது. அவள் இடது உள்ளங்காலில் உடைந்த சிப்பி ஒன்று ஏறியிருந்தது.

"வலிக்கலையா?" என்றார் அய்யா.

"எங்கன?" என்று அம்மா கேட்டாள்.

அந்தக் கேள்வியில் அய்யாவின் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். கால் மரத்துப்போகும், தினமும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தது அதுவரை எங்கள் யாருக்கும் சரியாகப் புரியவில்லை. அன்று முதல் கரைக்கு வந்ததும் அய்யா செய்கிற முதல் வேலை அம்மாவின் காலைக் கழுவுவதுதான். பலகையில் அவளை உட்காரவைத்து, வெந்நீரைத் தன் முழங்கையில் ஊற்றிச் சூடு பார்த்து, விரல் இடுக்குகளை விரித்து விரித்துக் கழுவுவார். பிறகு பழைய வேட்டித் துணியால் ஒற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அம்மாவுக்குத் தாங்க முடியாத கூச்சம். முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள்.

ஒருமுறை பெரியப்பா, அய்யாவின் அண்ணன், அதைப் பார்த்துவிட்டார்.

"ஏலே, பொண்டாட்டி காலக் கழுவுற ஆம்பளைய இந்தக் கரையில நான் பாத்ததில்ல."

அய்யா தலையைத் தூக்காமல், "இப்பப் பாத்துக்கங்கண்ணே" என்றார்.

டாக்டர் சொன்னபடி அய்யா அம்மாவுக்கு ஒரு ஜோடி தோல் செருப்பு வாங்கிவந்தார். எங்கள் குடியிருப்பில் செருப்புப் போட்ட முதல் பெண் அவள்தான். மற்ற பெண்கள், "கலெக்டர் அம்மா வாராக" என்று சிரித்தார்கள். அவர்கள் சிரிப்புக்குக் கூசினாலும் அவள் கழற்றவில்லை. அய்யா வாங்கிக் கொடுத்தது என்பதால் கழற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அண்ணன் போன வள்ளம் வாடைக்காற்றில் சிக்கியது அதற்கு அடுத்த வருஷம். போனவர்கள் வரவேயில்லை. அம்மா கரையிலேயே கிடந்தாள். ஊசி போட அய்யா அவளைத் தேடி அங்கேதான் போவார். அவளுக்குப் பக்கத்தில் மணலில் குந்தி, புஜத்தில் குத்திவிட்டு, அவரும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவார். காற்று அவர்களை இலங்கைக் கரைக்குக் கொண்டுபோய்விட்டது என்றும், எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் தகவல் வந்த அன்று அம்மா மணலில் முகம் புதைத்து அழுதாள். பிறகுதான் சொன்னாள். ஓரியூர் வேதக்கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து வருவதாக அவள் நேர்ந்திருந்தாள்.

"வேண்டாம் புள்ள. செருப்போட போனா சாமி கோவிச்சுக்கிடாது" என்றார் அய்யா.

"நான் வாய் விட்டுச் சொல்லிட்டேங்க. அவன் உசுரோட இருக்கான். இப்பப் போயிக் கணக்குப் பேசச் சொல்றீகளா?"

கடைசியில் அய்யா சரி என்றார். அவரும் மனசுக்குள் என்னவெல்லாம் நேர்ந்திருந்தாரோ!

அண்ணன் வந்த பிறகு, திருவிழாச் சமயத்தில் எல்லோரும் போனோம். ராமநாதபுரத்திலிருந்து பஸ். இறங்கிய இடத்திலிருந்து நடை. அதிகாலையிலேயே போய்ச் சேர்ந்து, சூடேறும் முன் நடந்துவிடலாம் என்பது அய்யாவின் திட்டம். வழியில் பஸ் நின்றுபோய், நாங்கள் இறங்கும்போது உச்சி வெயில். அய்யா அம்மாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார். எங்களால் தரையில் கால் வைக்க முடியவில்லை. தங்கையை அண்ணன் தூக்கிக்கொண்டான். நான் ஓரத்துப் புல்லைத் தேடித் தேடித் தாவினேன். அம்மா மட்டும் செபமாலையை உருட்டிக்கொண்டு, நடுப்பாதையில், ஒரே சீராக நடந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"சுடுதா? சுட்டாச் சொல்லு" என்று அய்யா கேட்டுக்கொண்டே வந்தார்.

"ஒண்ணும் தெரியலங்க. சாமி தாங்குது" என்றாள்.

வேதசாட்சியின் ரத்தம் பட்டுச் சிவந்தது என்று சொல்கிற கோயில் மண்ணைத் தொட்டு எங்கள் நெற்றியில் இட்டாள். பூசை முடிந்து மர நிழலில் உட்கார்ந்தபோது அய்யா ஒரு செம்பில் தண்ணீர் வாங்கிவந்து அவள் காலைக் கழுவினார். செம்மண் கரைந்து ஓடியது. பாதம் முழுக்கக் கொப்புளம். குதிகாலில் தோல் கழன்று அவர் கையோடு வந்தது. அய்யா செம்பைக் கீழே வைத்துவிட்டு, திருவிழாக் கூட்டத்தின் நடுவே, வாய்விட்டு அழுதார். அம்மா திகைத்துப்போய், "எனக்கு வலிக்கலையே, ஏன் அழுறீக?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வலது கால் ஆறிவிட்டது. இடது கால் ஆறவில்லை. ராமநாதபுரத்தில் பார்த்து, பிறகு மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கட்டுப் போட்ட காலைச் சுண்ணாம்புச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருந்த அம்மா, அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் கட்டிலருகே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"இங்கன வாலே. ஒனக்காகத்தான் போச்சுன்னு நெனைக்கிறியா?"

அவன் மெல்ல வந்து கட்டிலருகே நின்றான்.

"கால் என்னலே கால்! நீ வரலன்னா நான் எந்தக் காலோட எங்க போயிருப்பேன்?"

ஊருக்கு வந்த பின் வெளியே எங்கே போவதென்றாலும் அவளை அண்ணன்தான் முதுகில் சுமந்தான். கோயிலுக்கு, கடலோரத்துக்கு, மணல் ஊற்றுக்கு. வேறு யாரையும் தூக்கவிடமாட்டான். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அம்மா வழிநெடுக ஏதாவது பேசிக்கொண்டு போவாள். அய்யா சாயங்காலத்தில் ஒரு காலைக் கழுவினார். மற்றதன் முனையையும் அதே பக்குவத்தோடு துடைத்தார். அவர் முன்போலப் பேசவில்லை. செருப்பைத் தன் கையில் வைத்துக்கொண்டு நடந்தது அவரை விடவேயில்லை. அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "நான் கேட்டேன், நீங்க சரின்னீக. ஒரு தரமாவது நான் கேட்டதுக்குச் சரின்னு சொல்லக் கூடாதாக்கும்?" என்று சிரிப்புக் காட்டுவாள். அவர் சிரிக்கமாட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அவள் போய்ச் சேர்ந்தாள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய பிறகு, பெரியப்பாதான் அய்யாவின் காலில் ஒட்டியிருந்த மணலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்.

நீரிழிவு குடும்பத்தில் இறங்கக்கூடியது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அய்யா வருஷந்தோறும் எங்களைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். என்னையும் தங்கையையும் அது தொடவில்லை. முப்பது வயதை நெருங்கும்போது அண்ணனுக்குக் கண்டது. ஆரம்பம்தான், பயமில்லை என்றார்கள். ரயிலில் திரும்பி வரும்போது பாம்பன் பாலம் கடக்கும் வரை அய்யா அவன் கையை விடவில்லை.

அப்போது அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். நோயைச் சொல்லாமல் முடித்துவிடலாம் என்றார்கள் சொந்தக்காரர்கள். அய்யா கேட்கவில்லை. போன இடத்திலெல்லாம், உட்கார்ந்ததும் முதல் பேச்சாக அதைச் சொன்னார். இரண்டு வீட்டில் காப்பியோடு அனுப்பிவிட்டார்கள். தொண்டிப் பக்கத்தில் ஒரு வீட்டில், பெண்ணின் அம்மா, "எதுக்கு இதையெல்லாம் நீங்களாச் சொல்றீக?" என்று கேட்டாள்.

"ஒளிச்சு வச்சுக் கூட்டியாந்தா, ஒங்க மக தனியா இருந்துல்ல அழும்" என்றார் அய்யா.

கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்ணே கேட்டாள். "கருப்பட்டி தவிர வேற என்னென்ன ஆகாது?"

அய்யா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து உள்ளே போனேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அவள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகு அண்ணன் வெகுகாலம் நன்றாக இருந்தான். அம்மா அதைப் பார்க்கவில்லை.