பாலத்துக்காரியின் முன் சீட்டு

சொந்த ஊரான எலப்புள்ளியை விட்டுக் கிளம்பிய பிறகு எந்த ஊரிலும் நான் சேர்ந்தாற்போல் மூன்று மாதம் இருந்ததில்லை. எட்டாம் வகுப்பிலிருந்தும் பாதியில்தான் எழுந்து வந்தேன். பீர்மேட்டில் தேயிலை ஃபேக்டரி வேலை போய், நாலு நாளாக பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தேன். அப்போது ஆனைக்கரையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றில், அடுப்புக்கு விறகு தள்ள ஆள் தேடுவது தெரிந்தது. தங்க அறையும் உண்டு. "பன்னெண்டு மணிக்குள்ள வந்தா நீ, இல்லேன்னா அடுத்த ஆளு," என்று மேஸ்திரி போனில் சொல்லிவிட்டார்.

பஸ் போய்விட்டது. எஸ்டேட் வழியாகப் போகும் ஜீப்பில் கெஞ்சி முன் சீட்டைப் பிடித்தேன். பின்னால் சந்தைக்குப் போகும், எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள்.

பாதி வழியில் வெள்ளைக்காரன் காலத்துக் கல்பாலம். ஜீப் நின்றது. பெண்கள் இறங்கினார்கள்.

"எறங்குங்க, அவ ஏறணும்," என்றார் டிரைவர்.

"யாருங்க?"

ஒரு அக்கா சொன்னாள். பாலம் கட்டக் கல் சுமந்தவளாம். ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டிருக்கிறாள். கங்காணி விடவில்லை. சொல்லாமல் கிளம்பியவள் சாரத்திலிருந்து தவறி ஆற்றில் விழுந்தாள். அன்றிலிருந்து வண்டிக்கு நிற்கிறாள். ஆட்கள் நடந்து கடக்க வேண்டும், முன் சீட்டு அவளுக்கு. இடம் விடாமல் போன வண்டி எதுவும் அடுத்த வளைவைத் தாண்டியதில்லையாம்.

"ஏனுங்க, எனக்கு வேலைக்கு நேரமாச்சுங்க. அவளப் பின்னாடி உக்காரச் சொல்லுங்க."

"எங்களுக்கு மட்டும் 'ங்க' போட்டா போதுமா தம்பி? அந்த மரியாதய அவகிட்டயும் காட்டு," என்றாள் அக்கா.

வீம்பில் நான் அசையவில்லை. டிரைவர் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, பாலத்துச் சுவரில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். பெண்கள் வெற்றிலைப் பையைப் பிரித்தார்கள். எதிரே வந்த ஜீப்பும் நின்றது. அதன் டிரைவர் எட்டிப் பார்த்து, "யாருப்பா அது, அவ மாப்பிள்ளையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அரைமணி நேரம் போன பிறகு இறங்கினேன்.

டிரைவர் கதவைத் திறந்து பிடித்து, "ஏறு தாயி," என்றார். குரலில் கிண்டல் இல்லை. காலி சீட்டோடு ஜீப் ஊர்ந்தது. நாங்கள் பின்னால் நடந்தோம். அக்கரையில் மறுபடி கதவைத் திறந்து, "எறங்கு தாயி." எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இங்கயே எறக்கிவிட்டா அவ ஊருக்கு எப்படிங்க போவா?"

"இதுக்கு மேல வேற எஸ்டேட்டு. அவளுக்குக் கங்காணி இன்னும் லீவு எழுதிக் குடுக்கலையே," என்றாள் அக்கா.

ஆனைக்கரை சேர்ந்தபோது பன்னிரண்டேகால். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவன் ஏற்கெனவே விறகு தள்ளிக்கொண்டிருந்தான். மேஸ்திரி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அதே ஜீப். என் பையைப் பார்த்ததுமே டிரைவருக்குப் புரிந்துவிட்டது.

"முன்னாடி உக்காருறீங்களா?"

பின்னால் ஏறிக்கொண்டேன். பாலத்தில் முதல் ஆளாக இறங்கி, முன் கதவை நானே திறந்து பிடித்தேன். தாயி என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஏறிக்கோங்க," என்றேன்.

"அப்பாடா, அவளுக்கும் 'ங்க' போட்டாச்சு," என்றாள் காலையில் வந்த அக்கா.

மற்றவர்களுக்கு முன்னால் வேகமாக நடந்தேன். அன்றைக்குப் படுக்க இடம் பார்க்க வேண்டியிருந்தது.